நீலக்கோட்டுத் தட்டு

ஜெயசுதா டீச்சருக்கு மல்லாட்டையைக் கண்டால் பயம். நிலக்கடலையைத்தான் நைனார்பாளையம் பக்கம் மல்லாட்டை என்பார்கள். பாம்புக்குப் பயம் என்றால் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பேய்க்குப் பயம் என்றால் ஆளுக்கொரு தாயத்து கொண்டுவந்து கொடுப்பார்கள். மல்லாட்டைக்குப் பயம் என்று சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். புரட்டாசி வந்துவிட்டால் ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு மல்லாட்டை காய்கிற ஊர் அது. டவுன் பஸ் முழுக்கத் தோல் கிடக்கும். பையன்களின் டவுசர் பையைத் தட்டினால் அவித்த மல்லாட்டை நாலாவது விழும்.

அந்தப் பயத்தை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவள் கோகிலவாணி. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று மகள் இலக்கியாவை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். அதுவரை எலவனாசூர்கோட்டைப் பக்கம் அம்மா வீட்டில் இருந்துகொண்டு படிக்க வைத்தவள். புருஷனுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இவளுக்குக் காலனியில் ஓர் அறை வீடு, அன்றாடக் கூலி. கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. அது மடித்து மடித்து நாலு துண்டாகக் கிழிகிற நிலையில் இருந்தது.

"ஒரு பருப்புல பாதி போதும் டீச்சர்," என்றாள். "ஒதடு வீங்கும், ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும், அப்பறம் தொண்ட அடச்சிக்கும். அஞ்சு வயசுல திருவிழாவுல யாரோ கடல மிட்டாய் குடுத்துட்டாங்க. மூணு நாளு ஆஸ்பத்திரில போராடித்தான் வூட்டுக்குத் தூக்கியாந்தேன்."

ஜெயசுதா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. 

காலனிப் பெண்கள் எல்லோரும் மல்லாட்டை பிடுங்கவும் காய் ஆயவும் போகிற மாதங்களில் கோகிலவாணி மட்டும் போக மாட்டாளாம். சேலையில் ஒட்டிய தூசியோடு வந்து மகளைத் தூக்கினால்கூட பிள்ளைக்குத் தோல் தடித்துவிடும். அதனால் கரும்பில் காய்ந்து தொங்குகிற சோகையை உரிக்கப் போவாள். கூலி கம்மி, கையெல்லாம் கீறல். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொல்லத்தான் கஷ்டப்பட்டாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"சத்துணவுக்குத் தனித் தட்டு வெச்சிடுங்க டீச்சர். நானே வாங்கியாந்து தரேன். தனியாவே ஒக்காரட்டும். யாரு இன்னா சொன்னாலும் சொல்லிக்கினு போவட்டும்."

அவள் ஏன் குனிந்தாள் என்று ஜெயசுதாவுக்குத் தெரியும். காலனிப் பிள்ளைக்குத் தனித் தட்டு, தனி இடம். ஒரு காலத்தில் அதே பள்ளியில் யாரும் கேட்காமலேயே கொடுத்தது. இப்போது ஒரு தாய் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஜெயசுதா களமருதூரில் நிலபுலன் உள்ள, ஊர்த்தெரு வீட்டுப் பெண்.  சரி என்று மட்டும் சொன்னாள்.

இந்த மாதிரிப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று அந்தப் பள்ளிக்கு வந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு அவளே ஒரு முழு வெள்ளைத் தாளில் எழுதினாள். முதல் வரியில் கோகிலவாணியின் போன் நம்பர். அதற்குக் கீழே, இலக்கியாவுக்கு முதலில் சோறு எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போட வேண்டும், பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பள்ளி நேரத்தில் மாணவர்கள் யாரும் மல்லாட்டை கொண்டுவரக் கூடாது, தொண்டை அடைத்தால் டாக்டர் சீட்டில் எழுதிய ஊசியை உடனே போட வேண்டும் என்றெல்லாம் வரிசையாக வந்தது. கோகிலவாணி வாங்கிவந்த தட்டின் விளிம்பில் நீலப் பெயின்டால் ஒரு கோடு போட்டாள். தலைமையாசிரியர் சுப்புராயன் தாளை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஊசி என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

"நமக்கு இன்னாத்துக்கு டீச்சர் இந்த வேல? நாம இன்னா நர்ஸா? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா ஊசி போட்டது யாருன்னுதான் கேப்பாங்க. 108க்குச் சொல்லுவோம், அவங்க அம்மாவுக்குச் சொல்லுவோம். அதோட வுடுங்க."

அவள் விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய்க் கற்றுக்கொண்டாள். குப்பியின் கழுத்தை எப்படி உடைப்பது, மருந்தை எப்படி இழுப்பது, தொடையில் எந்த இடத்தில் குத்துவது என்று நர்ஸ் ஒரு கத்திரிக்காயை வைத்துக் காட்டினாள். இலக்கியாவின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று சிரிஞ்சில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடும் போட்டுக் கொடுத்தாள். ஜெயசுதா குத்திப் பழகியதில் மூன்று கத்திரிக்காய் வீணானது.

மருந்து சூடு ஆகக் கூடாது. பள்ளியில் ஃபிரிட்ஜ் கிடையாது. மூன்றாம் வகுப்பு மூலையில் ஈர மணல் போட்ட ஒரு சின்ன மண்பானை வைத்து, அதற்குள் டப்பாவில் நர்ஸ் கொடுத்த இரண்டு குப்பியும் சிரிஞ்சும் வைத்தாள். தினமும் காலையில் வந்ததும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. கோயிலில் விளக்கு ஏற்றுகிற மாதிரி அதை ஒரு நாளும் விடவில்லை.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மதியம் பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் அவள் எழுந்து வந்து நின்றுவிடுவாள். வராண்டாவின் கடைசியில், தூணோரம், இலக்கியா நீலக்கோட்டுத் தட்டோடு தனியே உட்கார்ந்து சாப்பிடும். மற்ற பிள்ளைகள் சிரிக்கிற பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். கடைசி வாய் இறங்கும்வரை ஜெயசுதா தன் டிபன் டப்பாவைத் திறக்க மாட்டாள்.

ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. காலனியைச் சேர்ந்த தீனதயாளன் எழுந்தான். மினி வேன் ஓட்டுகிறவன், நல்ல பையன், ஊர்க் காரியம் எதற்கும் முதலில் நிற்பவன். போனை நீட்டினான். வராண்டாத் தூணோரம் இலக்கியா தனியாக உட்கார்ந்திருக்கிற வீடியோ அது. தட்டும் அதன் நீலக் கோடும் பளிச்சென்று தெரிந்தன.

"எங்கப்பா இதே பள்ளிக்கூடத்துலதாங்க படிச்சாரு," என்றான்.  "அந்தப் படிக்கு வெளிய ஒக்காந்து படிச்சாரு. இப்ப எங்க புள்ளைக்குத் தட்டுல கோடு போட்டு வெச்சிருக்கீங்க."

"அது வந்து தம்பி, அந்தப் புள்ளைக்கு ஒடம்புக்கு..." என்று ஜெயசுதா ஆரம்பித்தாள்.

"காரணம் எப்பவும் ஒண்ணு இருக்கும் டீச்சர். எங்கப்பாவுக்கும் ஒரு காரணம் சொன்னாங்க."

அதற்குமேல் அவளுக்கு வாய் எழவில்லை. அவன் சொன்னது பொய் இல்லை. களமருதூர் வீட்டுப் பெண் எழுந்து நின்று, தனியே உட்கார வைத்ததற்கு நியாயம் சொன்னால் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? வீடியோ ராத்திரிக்குள் எத்தனை போனுக்குப் போகும்? அவளுக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று இலக்கியாவின் தொண்டை. இன்னொன்று தன் பேர். அன்றைக்கு இரண்டாவது பயம் முந்திக்கொண்டது. சுப்புராயனுக்கு இருந்ததே அந்த ஒரு பயம்தான். பனியன் நனைய எழுந்து நின்றார்.

"திங்கக்கெழமயிலேர்ந்து எல்லாரும் ஒரே வரிச, ஒரே தட்டு. இந்தப் பள்ளிக்கூடத்துல பாகுபாடே கெடையாது," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தீனதயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கோகிலவாணி கூட்டத்துக்கு வரவில்லை. கரும்புக் கொல்லையில் இருந்தாள். அவளைக் கேட்க வேண்டும் என்று அங்கிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெயசுதாவுக்குத் தோன்றியது, ஆனால் ராத்திரி கூப்பிடலாம் என்று தள்ளிவைத்தாள். ராத்திரி ஆனதும் நாளைக்கு என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது என்ற கூச்சத்தில் சனி, ஞாயிறு இரண்டும் போனது.

கூட்டம் முடிந்ததும் டீ வந்தது. யாரோ ஒரு மெம்பர் தன் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையை ஒரு அன்னக்கூடை நிறைய அவித்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் போய்விட்டார்கள், பள்ளி நேரமும் முடிந்தது, தாளில் எழுதியதற்கு விரோதம் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்து ஆளுக்கொரு தட்டு கொடுத்தார்கள். ஜெயசுதாவின் கையிலும் ஒரு தட்டு வந்தது. மல்லாட்டையைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

சமையல் பாப்பாத்தியிடம் மட்டும், "அக்கா, தட்டுங்கள சோப்புப் போட்டு ரெண்டு வாட்டி கழுவிடுங்க," என்றாள்.

"கழுவாம அப்பிடியே வெச்சிட்டுப் போயிடுவனா டீச்சர்?" என்றாள் பாப்பாத்தி.

ஆனால் அன்றைக்கு மோட்டார் ரிப்பேர், டேங்க்கில் தண்ணீர் இல்லை. தட்டுகள் தோலும் உப்புத் தண்ணீருமாக அப்படியே அடுக்கில் கிடந்தன. திங்கட்கிழமை காலையில் இரண்டு குடம் தண்ணீர்தான் கிடைத்தது. பாப்பாத்தி ஒரு டப்பில் அதை ஊற்றி, அறுபது தட்டையும் அந்த ஒரே தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துவிட்டாள். பார்வைக்கு எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. இதெல்லாம் ஜெயசுதாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மதியம் இலக்கியா வழக்கம்போலத் தூணோரம் போய் நின்றாள். ஜெயசுதா அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுத்து, அவளைக் கைப்பிடித்து வரிசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் இங்கயேவா டீச்சர்?"

"ஆமாண்டா கண்ணு."

இலக்கியாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. இரண்டு பெண்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். சாம்பார் சாதத்தைப் பக்கத்துப் பெண்ணோடு போட்டி போட்டு அள்ளித் தின்றாள். ஜெயசுதாவுக்கேகூட ஒரு நிமிஷம், இத்தனை நாள் வீணாகத்தான் பயந்தோமோ என்று இருந்தது.

ஆறேழு வாய் போயிருக்கும். இலக்கியா புறங்கையால் உதட்டைத் தேய்த்தாள். இன்னொரு தரம் தேய்த்தாள்.

"டீச்சர், நாக்கு அரிக்குது."

 ஜெயசுதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலக்கியாவின் கழுத்தில் தடிப்புகள் எழும்பின. கன்னம், கை என்று பரவின. கீழுதடு உப்பியது.

பாப்பாத்தி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். "அட, காணாக்கடி டீச்சர் இது! கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ ஊர்ந்துக்கினு போயிருக்குது. வெத்தலயில ரெண்டு மொளவு வெச்சி மெல்லக் குடுத்தா அடங்கிப் போயிடும்." சொல்லிக்கொண்டே சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை உருவிவிட்டாள்.

சுப்புராயனுக்கு முகத்தில் உயிர் வந்தது. "ஆமாமா, காணாக்கடிதான். கொஞ்ச நேரம் பாப்போம்," என்றார். பூச்சி கடித்தால் யார் மேலும் பழி இல்லையே.

ஜெயசுதாவுக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. அதுதான் கொடுமை. காணாக்கடியாகவே இருக்கட்டும் சாமி, அந்த மண்பானையை நான் திறக்காமலே போகட்டும் என்று மனசு கெஞ்சியது. வெற்றிலையை வாங்கக்கூடக் கை நீண்டது. அப்போது இலக்கியா இருமினாள். இருமலுக்குப் பிறகு, "அம்மா" என்றாள். அது இலக்கியாவின் குரலாக இல்லை. கிழவியின் குரல்போலக் கரகரத்து, பாதியில் நின்றது.

ஜெயசுதா ஓடினாள். பானைக்குள் கையை விட்டு மணலைக் கிளறி டப்பாவை எடுத்தாள். ஓடிவரும்போதே, "சார், 108! 108க்குப் பண்ணுங்க!" என்று கத்தினாள். இலக்கியாவைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சு விசில்போல வந்தது. நகம் எல்லாம் நீலம் பூத்திருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் குப்பியின் கழுத்தை உடைத்தாள். கை ஆடிய ஆட்டத்தில் கழுத்தோடு குப்பியும் நொறுங்கி, மருந்து அவள் விரல் ரத்தத்தோடு சேர்ந்து தரையில் கொட்டியது. இனி ஒன்றுதான்.  முந்தானையை விரலில் சுற்றி இரண்டாவதை உடைத்தாள். உடைந்தது, சரியாக உடைந்தது. சிவப்புக் கோடுவரை இழுத்தாள்.

"வாணாம் டீச்சர்," என்றார் சுப்புராயன். போன் காதிலேயே இருந்தது. "ஆம்புலன்ஸு கெளம்பிட்டாங்களாம். இருவது நிமிஷம்தான். நாம கைய வெக்க வாணாம்."

"இருவது நிமிஷம் தாங்காது சார். கால புடிச்சிக்குங்க."

அவர் நின்றார்.

"புடிங்க சார்!"

தலைமையாசிரியரை அவள் அதட்டியது அதுதான் முதல் முறை. அவர் போனைக் கீழே போட்டுவிட்டு மண்டி போட்டு, இலக்கியாவின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜெயசுதா பாவாடைக்கு மேலேயே, தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தினாள். கத்திரிக்காய் மாதிரி இல்லை. உயிருள்ள சதை துடித்தது.

ஒன்றும் நடக்கவில்லை. விசில் சத்தம் அப்படியே இருந்தது. பாப்பாத்தி வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். ஜெயசுதா இலக்கியாவின் நெஞ்சில் கைவைத்து எண்ணினாள். அறுபதுவரை எண்ணினாள். மறுபடி அறுபது. வேறு குப்பி இல்லை, வேறு வழி இல்லை. இந்தப் பிள்ளை போய்விட்டால் நானும் உயிரோடு இருக்கக் கூடாது என்று தெளிவாக நினைத்தாள். மூன்றாவது அறுபதில் எங்கோ, இலக்கியா பெரிதாக ஒரு மூச்சை இழுத்தாள். இழுத்துவிட்டு வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஜெயசுதாவும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயசுதாவின் விரலுக்கு இரண்டு தையல் போடச் சொன்னார். ஊசி போடாமல் இருந்திருந்தால் வண்டி வந்து பிரயோஜனம் இருந்திருக்காது என்றார். "சில பேருக்குச் சில மணி நேரம் கழிச்சித் திரும்பவும் வரும். நாளைக்குக் காலைவரைக்கும் இங்கயே இருக்கட்டும்," என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும், ஜெயசுதா ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இலக்கியா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உதட்டு வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் ஜெயசுதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கோகிலவாணி வந்தாள். கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தலையில் சும்மாட்டுத் துணி, கையெல்லாம் சோகைக் கீறல். வேனில் கூட்டிவந்த தீனதயாளன் அவளுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே வராமல் நின்றான். அவள் மகளின் நெற்றியைத் தொட்டாள், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"ஊசி யாரு டீச்சர் போட்டது?"

"நான்தான்."

கோகிலவாணி அவள் கையை, தையல் போட்ட கையை, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.  கையை விடாமலே கேட்டாள்.

"எதுல டீச்சர் சாப்ட்டா?"

ஜெயசுதா சொன்னாள். கூட்டத்தை, வீடியோவை, கை தட்டியதை, தட்டில் கொடுத்த மல்லாட்டையை, ஒன்று விடாமல் சொன்னாள். தன் வாய் மூடிக்கொண்டதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

"என்ன ஏன் டீச்சர் கேக்கல?"

கோகிலவாணியே தொடர்ந்தாள்.

"எம் போன் நம்பரு உங்க தாள்ல மொத வரியில இருக்குது. நீங்கதான எழுதனீங்க? ஒரு போன் போட்டிருந்தா நாலு நாளு எம்புள்ளய வூட்டுல வெச்சிக்கினு இருந்திருப்பேன்."

தீனதயாளன் கதவருகிலிருந்து, "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது," என்றான். அழுதிருந்தான்.

கோகிலவாணி அவனைத் திட்டவில்லை. "உங்கப்பாவ வெளிய ஒக்கார வெச்சது ஊரு," என்றாள். "எம்புள்ளயத் தனியா ஒக்கார வெச்சது நானு. எனக்கு மட்டும் அது வலிக்கலன்னு நெனச்சியா? தெனமும் வலிச்சிது. புள்ள உசுரோட இருக்கட்டும்னு பொறுத்துக்கினேன். எங்க வூடு உங்க வூட்டுக்கு ஆறாவது வூடு. வந்து கேட்டியா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அப்போது கட்டிலில் அசைவு தெரிந்தது. இலக்கியா கண் திறந்து அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது.

"டீச்சர், ஸ்கூலுக்கு வந்தா மறுபடியும் அவங்ககூடவே ஒக்காரலாமா?"

 ஆமாம் என்று சொல்ல ஜெயசுதாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கூடாது என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு அவள் கோகிலவாணியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. இன்னா பண்ணலாம்?"

கோகிலவாணி கட்டிலில் உட்கார்ந்தாள். மகளின் சடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள்.

"தட்டு தனிதான்," என்றாள் கடைசியில். "அந்த நீலக் கோட்டுத் தட்டுதான். அதத் தனியாக் கழுவணும், வேற யாரும் தொடக்கூடாது. கூட ஒக்கார்றது..." நிறுத்தினாள். "சோப்புப் போட்டுக் கை கழுவிக்கினு வந்த ரெண்டு பொண்ணுங்கள மட்டும் பக்கத்துல ஒக்கார வைங்க. நானும் ஒரு வாரம் வந்து நின்னு பாக்கறேன்." சடை நுனியை முடிச்சுப் போட்டாள். "ஆனா பயமாக்கீது டீச்சர்."

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றாள் ஜெயசுதா.

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை அந்த இருபது பேருக்கு முன்னால் எழுந்து நின்று இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.